உதவி மேசையில் ஒரு சுருதிப் பெட்டி

என் மகனைத் தூங்கவைக்க நான் பாடுவதில்லை. தோளில் போட்டு நடப்பேன், முதுகில் தட்டுவேன், ஜன்னலுக்கு வெளியே போகிற லாரிகளைக் காட்டுவேன். பாட மட்டும் மாட்டேன். பாட்டு கேட்காமல் வளர்கிற குழந்தைக்குப் பேச்சு தாமதமாகுமோ என்று ஒரு கவலை உண்டு. தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம் டாக்டரிடம் கேட்பேன். "அவ்வளவு கவலையா இருந்தா பாடிட்டுப் போங்களேம்மா" என்பார் அவர். அவருக்கு அக்காவைத் தெரியாது.

மகன் பிறந்த நாற்பத்தைந்தாம் நாள், என்னோடு வேலை பார்த்த அக்கா பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அவனைப் பார்க்க வந்தார். கையில் ஆப்பிளும் குழந்தை சோப்பும். வந்த நேரம் அவன் அழுதுகொண்டிருந்தான். வந்தவர் முன்னால் நல்ல அம்மாவாகத் தெரிய வேண்டுமே என்று அவசரமாக ஒரு தாலாட்டை எடுத்தேன். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கையை உயர்த்தினார்.

"நிறுத்து, நிறுத்து. புள்ள ஒரே சுருதியில அழகா அழுதுட்டிருக்கான். நீதான் மூணாவது வரியில வெலகிப் போற. அவனுக்குத் திக்குனு இருக்காதா?"

சோப்பை என் கையில் கொடுத்துவிட்டு அவனை வாங்கிக்கொண்டார். அவன் எந்த ஸ்வரத்தில் அழுதானோ அதே ஸ்வரத்தில், வாயைத் திறக்காமல், ஒரு நீளமான 'ம்ம்ம்'. அவன் நிறுத்திவிட்டான். நிறுத்தாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் வந்திருக்காது. அன்று முழுக்க, சுருதி தப்பிய தாலாட்டு கைக்குழந்தையைப் பாதிக்குமா என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். பாதிக்கும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. பாதிக்காது என்றும் யாரும் எழுதியிருக்கவில்லை.

குழந்தை பிறப்பதற்கு முன்னால் மூன்று வருடம் நான் ஒரு விமான நிறுவனத்தின் உதவி மேசையில் வேலை பார்த்தேன். பக்கத்து நாற்காலி அக்காவுடையது. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வீடு, கணவர் அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர், ஒரே மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். எங்கள் மேசைக்கு யாரும் சந்தோஷமாக வர மாட்டார்கள். பெட்டி வரவில்லை, விமானம் கிளம்பவில்லை, சக்கர நாற்காலி கேட்டு ஒரு மணி நேரமாகிறது என்று வருவார்கள். நாங்கள் திட்டு வாங்குவோம். நான் திட்டு வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய், அந்தப் பயணிக்கு வேறு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டு கிடப்பேன். அக்கா திட்டு வாங்கிவிட்டு நேராகக் கல்யாண மண்டபத்துக்குப் போவார். மண்ணூர்பேட்டையில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதில் அவர்தான் பாடகி. முகூர்த்த நாள் என்றால் காலை ஷிப்ட் கேட்டு வாங்கிவிடுவார். ரோஸ்டர் போடுகிறவருக்கே வைகாசியில் எத்தனை முகூர்த்தம் என்பது மனப்பாடமாகியிருந்தது. "இவங்களுக்கு ட்யூட்டி போடறதுக்குப் பதிலா நான் ஜாதகமே பாக்கலாம்" என்பார்.

அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு பிரச்சினை. சுருதி விலகினால் அவரால் சும்மா இருக்க முடியாது. யாருடைய சுருதி, எந்த இடம், எதிரில் நிற்பது யார் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கேபில் போவோம். வண்டி ஆவடியில் அவரை ஏற்றிக்கொண்டு, பாரிவாக்கத்தில் என்னை ஏற்றிக்கொண்டு, பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட தெருக்களில் ஊர்ந்து போகும். அங்கே பள்ளம் தோண்டுகிற இயந்திரத்தைக் கேட்டு, "பரவால்ல, இன்னிக்கு ரெண்டு கட்டையில நிக்குது" என்பார் அக்கா. கட்டை என்பது பாடுகிறவர்கள் சுருதியின் உயரத்தைச் சொல்கிற அளவு. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டில் நிற்பார்கள், பெண்கள் ஐந்து, ஆறில். அக்காவின் கணவர் குறட்டை விடுவது சுத்தமான ஒன்றரைக் கட்டையாம். "அதனாலதான் இருபது வருஷமா பொழப்பு ஓடுது. கொஞ்சம் அசைஞ்சிருந்தாலும் எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்."

டிரைவர் பூந்தமல்லிக்காரர். புதிதாக இரட்டை ஹாரன் மாட்டிக்கொண்டு பெருமையாக வந்தார். முதல் முறை அடித்ததும் அக்கா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரலப்பா. ஒண்ணைக் கழட்டிடு."

"இன்னாக்கா நீ? ஆரன்லகூட குத்தம் கண்டுபுடிக்கிற. இது ஆரன்க்கா, ஆர்மோனியம் கெடையாது."

"ரோட்டுல போறவன் ஏன் வழி விடமாட்டேங்கறான்? காதுக்குப் பிடிக்கல, அதான்."

"அவன் காதுல போன் மாட்டிகினு போறான்க்கா!"

நான்கு நாள் சண்டைக்குப் பிறகு ஒரு ஹாரன் கழன்றது. அதற்கப்புறம் வழி சுலபமாகக் கிடைக்கிறது என்று டிரைவர் எங்களிடம் சத்தியம் செய்தார். நான் கவனித்தவரை எப்போதும்போலத்தான் கிடைத்தது.

மேசையில் அவர் வேலை செய்கிற விதம் விசித்திரமாக இருக்கும். ஒருவர் கத்திக்கொண்டு வந்தால் நான் உடனே விமான எண்ணைக் கேட்பேன். அக்கா கேட்க மாட்டார். தலையைச் சற்றுச் சாய்த்து, உதட்டை மூடி, மெல்ல 'ம்ம்' என்பார். கத்துகிறவரின் சுருதியைப் பிடிக்கிறார் என்று அர்த்தம். பிடித்ததும் அதே சுருதியில், "சொல்லுங்க சார், எந்த ஃபிளைட்?" என்று ஆரம்பிப்பார். நாலைந்து வாக்கியத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை இறக்குவார். எதிரில் இருப்பவரும் தன்னை அறியாமல் கூடவே இறங்கிவிடுவார். நானே நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஏன் இறங்குகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பெட்டி கிடைத்திருக்காது. ஆனாலும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இதற்குப் பதக்கம் கொடுத்திருக்கலாம். புகார்தான் வந்தது.

முதல் புகாருக்குக் காரணம் மைக். பேருந்தில் ஏற்றி அனுப்புகிற கேட்டில் ஒரு நாள் அறிவிப்புச் செய்ய அக்காவை அனுப்பினார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவருக்கு ஆவடியில் கச்சேரி. கை மைக்கைத் தொட்டதும் வாய் தானாகப் பேசிவிட்டது. "ஹலோ, செக், செக். அண்ணா, எக்கோ கொஞ்சம் குறைச்சுக்குங்க. மானிட்டர் எனக்கு வரவே இல்ல." நூற்றைம்பது பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். மேடையில் பாடுகிறவருக்கு அவர் குரலையே கேட்கவைக்கிற ஸ்பீக்கர்தான் மானிட்டர். மானிட்டர் வரவில்லை என்பதை விமானத்தில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்ட ஒரு பெரியவர் ஏற மறுத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி ஏற்றுவதற்குள் விமானம் இருபது நிமிடம் தாமதம்.

மண்டபத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அம்பத்தூரில் ஒரு வரவேற்பு. நானும் என் கணவரும் அக்கா பாடுவதைக் கேட்கப் போயிருந்தோம். பெண் வீட்டுக்காரர் மேடையேறி, சாப்பாடு ரெடி என்று சொல்லச் சொன்னார். அக்கா மைக்கை எடுத்தார்.

"முதலில் கைக்குழந்தையுடன் வந்திருப்பவர்கள், முதியவர்கள், சக்கர நாற்காலி உதவி தேவைப்படுபவர்கள் பந்திக்கு வரலாம். அடுத்ததாக, பின்வரிசையில் இருப்பவர்கள். மற்றவர்கள் அழைக்கும்வரை இருக்கையில் அமர்ந்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அமர்ந்திருந்தார்கள்! தள்ளுமுள்ளு இல்லாமல், சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் யாரும் போய் நிற்காமல், ஒரு பந்தி நடந்ததை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். ஒரு மாமா மட்டும் எழுந்து, "நான் எந்த வரிசைம்மா?" என்று கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அதற்கப்புறம் அந்த மண்டபத்துக்காரர் பாட்டுக்கு ஆள் தேடி வருபவர்களிடமெல்லாம் அக்கா குழுவைத்தான் சொன்னார். பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டாவது புகார் காசிக்குப் போகிற ஒரு குழுவிடமிருந்து. விமானம் தாமதமாக, அவர்கள் வட்டமாக உட்கார்ந்து பஜனை பாட ஆரம்பித்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன். பாடுகிறவர்கள் எங்களைத் திட்ட மாட்டார்கள் இல்லையா. அக்கா மூன்று நிமிடம் பொறுத்தார். அவர் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது. "அக்கா, வேண்டாம்" என்றேன். அதற்குள் அவர் வட்டத்துக்கு நடுவில் நின்றார். "மன்னிக்கணும், ஆளுக்கொரு சுருதியில போறீங்க. முதல்லேர்ந்து எடுப்போம். சார், நீங்க கொஞ்ச நேரம் சும்மா தாளம் மட்டும் போடுங்க." சும்மா தாளம் மட்டும் போடச் சொல்லப்பட்டவர்தான் அந்தக் குழுவின் தலைவர். மற்ற முப்பது பேரும் அக்காவுடன் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தலைவர் புகார் எழுதினார்.

நாங்கள் எல்லோருமே வருட ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். வருடத்தில் மூன்று புகார் வந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அக்காவுக்குச் சம்பளம் வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் கோயம்புத்தூர் ஹாஸ்டல் ஆடியிலும் மார்கழியிலும் சோறு போட்டுக்கொண்டுதான் இருந்தது. மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. "இன்னும் மூணு மாசம் வாயை மூடிட்டிருந்தாப் போதும்" என்று அக்கா என்னிடம் சொன்னார். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். மூன்றாவது புகாரே அதற்குத்தான் வந்தது.

பெட்டி வராத ஒருவர். மகளின் சீமந்தத்துக்கு வாங்கிய புடவை அந்தப் பெட்டியில் இருந்தது. அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. அக்கா வழக்கம்போலத் தலையைச் சாய்த்து, வாயை மூடி, 'ம்ம்' என்றார். பிறகு எல்லாம் வழக்கம்போல நடந்தது. பயணி குரலை இறக்கினார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். அடுத்த விமானத்தில் பெட்டியும் வந்தது, புடவை மடிப்புக்கூடக் கலையவில்லை. நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் மின்னஞ்சல் வந்தது: 'நான் என் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் ஊழியர் பாட்டு முனகிக்கொண்டிருந்தார்.'

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், எப்போதும் தலைவலியில் இருப்பவர். "பக்கத்துல இருந்தது நீதான். பார்த்ததை எழுதிக் கொடும்மா" என்று ஒரு தாளைத் தள்ளினார்.

எனக்கு அப்போது நாலு மாதம். பொய் எழுதினால் குழந்தைக்கு ஆகாது என்று ஒரு பக்கம் தோன்றியது. உண்மையை எழுதினால் அக்காவுக்கு வேலை போய்விடும். நான் பள்ளிக்கூடத்தில்கூட லீவ் லெட்டரில் காய்ச்சல் என்று பொய் எழுதியவள் இல்லை. மூன்று தாள் கிழித்தேன். நாலாவது தாளில் எழுதினேன்: 'அவர் பாடவில்லை. தொண்டையில் கரகரப்பு இருந்ததால் இரண்டு முறை கனைத்தார்.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று வயிற்றிலிருப்பவனிடம் சொல்லிக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் அக்கா மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கனைச்சேன்னா எழுதின?"

"அக்கா, மெதுவா..."

"என் தொண்டையில கரகரப்பா? நான் கனைச்சா அப்படியா இருக்கும்? ரெண்டரைக் கட்டைல மயிரிழை பிசகாம புடிச்சேன். பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு, கனைப்புன்னு எழுதியிருக்கியே, உனக்கு மனசு வந்துச்சா?"

"உங்க வேலை போயிடும்க்கா."

"வேலை போனா போகட்டும். நாளைக்கு எவனாவது தொண்டை சரியில்லாதவ பாடறான்னு சொன்னா?"

திரும்பி நேராக உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பொண்ணு எழுதினது தப்பு. நான் கனைக்கல."

"அம்மா, கனைச்சேன்னே இருக்கட்டும். நான் இதை இப்படியே மூடிடறேன்."

"கனைக்கல சார். சுருதி சேத்தேன்."

"பயணிகிட்டயா?"

"அவரு ரெண்டரைல கத்தினாரு. அதுல சேந்துகிட்டு கீழ இறக்கினேன். வேணும்னா நீங்க கொஞ்சம் கத்துங்க, காட்டறேன்."

மேனேஜர் கத்தவில்லை. என்னைப் பார்த்தார். "அப்ப நீ எழுதினது?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகிற சத்தத்தைக் கேட்டு அக்கா என் பக்கம் தலையைச் சாய்க்கத் தொடங்கினார். "நீங்க பேசாம இருங்கம்மா!" என்று அப்போதுதான் மேனேஜர் கத்தினார்.

என் தாளை அவர் கிழித்துக் குப்பையில் போட்டார். அக்காவிடம் புதிய தாள் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டார். புதுப்பிப்புப் பட்டியல் வரப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் அக்கா என்னுடன் பேசவில்லை. கேபில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். பூந்தமல்லி இயந்திரம் என்ன சுருதியில் ஓடினாலும் கண்டுகொள்ளவில்லை. டிரைவர் மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் எங்கிருந்தோ பழைய ஹாரனைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, இரண்டையும் சேர்த்து நீளமாக அடித்தார்.

"யக்கா, ஆரன் எப்டி கீது?"

"நல்லாத்தாம்பா இருக்கு."

டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "யக்காவுக்கு இன்னா ஆச்சு? ஆஸ்பத்திரிக்கு எதுனா இட்டுகினு போலாமா?" என்றார். "ஒண்ணுமில்ல, வண்டியை எடுங்க" என்றேன். அதைச் சொல்வதற்குள் இரண்டு முறை கனைக்க வேண்டியிருந்தது. உண்மையாகவே கரகரப்புதான்.

பட்டியல் வந்தது. மூன்று புகார் இருந்தும் அக்காவின் பெயர் இருந்தது; மேனேஜர் மேலே பேசியிருக்க வேண்டும். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் உதவி மேசையில் இல்லை. உரியவர் எடுக்காமல் விட்ட பெட்டிகளை அடுக்கிவைக்கிற கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள். கன்வேயர் பெல்ட்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறை. அங்கே பயணிகள் வர மாட்டார்கள், மைக் கிடையாது, பேச ஆளும் கிடையாது. அவரால் யாருக்கும் தொல்லை வராத இடமாகப் பார்த்து மேனேஜர் கண்டுபிடித்திருந்தார். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். ஷிப்ட் நேரமும் மாறியதால் கேபும் வேறாகிவிட்டது.

ஒரு வாரம் என்னால் சாப்பிட முடியவில்லை. வாந்தி மசக்கையாலா, குற்ற உணர்ச்சியாலா என்று பிரித்துத் தெரியவில்லை. நான் உண்மையை எழுதியிருந்தால் அவர் உள்ளே போய்ச் சண்டை போட்டிருக்க மாட்டார். சண்டை போடாமல் இருந்திருந்தால் மேனேஜர் வேறு வழி யோசித்திருப்பார். அல்லது உண்மையை எழுதியிருந்தால் வேலையே போயிருக்கும். எப்படிச் சுற்றினாலும் கடைசியில் என் கையெழுத்தில்தான் வந்து நின்றது. எட்டாம் நாள் மதிய இடைவேளையில் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினேன். என்ன சொல்வது என்று படி இறங்கும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கிடங்குக் கதவு திறந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கீழே மோட்டார் ஒரே சீராக, அசையாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவில், ஒரு பெரிய நீலப் பெட்டியின் மேல் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. பாடிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் பாடுகிற பாட்டு இல்லை. வார்த்தையே இல்லாமல், ஒவ்வொரு ஸ்வரமாக நிறுத்தி நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் அப்படியொரு குரலைக் கேட்டதே இல்லை.

"அக்கா" என்றேன். கண்ணைத் திறக்காமல் கையை உயர்த்தினார். நான் மன்னிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த ஸ்வரச் சுற்று முடியட்டும் என்று காத்திருந்தேன்.

"அசல் அஞ்சு கட்டை" என்று நடுவில் ஒரு கண்ணை மட்டும் திறந்து சொன்னார். "என் சுருதி. எட்டு மணி நேரமும் அசையாது. தம்புரா வச்சு ஆள் போட்டாலும் இப்படி நிக்காது தெரியுமா? குழுவுல பாட ஆரம்பிச்சு பத்து வருஷம் ஆச்சு, ஒரு நாள் ஒழுங்கா சாதகம் பண்ணதில்ல. இப்ப சம்பளம் குடுத்துப் பண்ணச் சொல்றாங்க."

மறுபடி கண்ணை மூடிக்கொண்டு மேல் ஸ்தாயிக்குப் போனார். உச்சியை எட்டப்போகிற இடத்தில் பெல்ட் டக்கென்று நின்றது. மோட்டார் அடங்கியது. அக்காவின் குரல் தனியாக ஒரு வினாடி காற்றில் நின்று, அதுவும் நின்றது.

"என்ன ஆச்சு?" என்று எழுந்தார். சுவரில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தார். அடுத்த விமானம் ஐம்பது நிமிடம் தாமதம்.

"ஐம்பது நிமிஷமா! இவங்களுக்கெல்லாம் ஒரு பொறுப்பு வேண்டாம்? காலையிலயும் இப்படித்தான், பாதியில நிறுத்திட்டாங்க. ஒருத்தன் வந்து ஒரு வார்த்தை சொல்றானா? நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது? இங்க பொறுப்புல யாரும்மா இருக்கீங்க?"

கடைசிக் கேள்வியை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் படியில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. மூன்று வருடப் பழக்கத்தில் கைகள் தானாக முன்னால் கோத்துக்கொண்டன.

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

அக்கா என்னைப் பார்த்தார். தலையை மெல்லச் சாய்த்தார்.

"அரைக் கட்டை கம்மி" என்றார். நீலப் பெட்டியில் மறுபடி உட்கார்ந்து, நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "பரவால்ல, உக்காரு. மறுபடி சொல்லு, கேக்கறேன்."